நாற்பது வண்டிகள் கேட்ட லவ் யூ

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டிலும் மின்சார பில்லிலும் அதைப் பார்க்கலாம். வாயால் கூப்பிட ஆள் இல்லாததால் அது அங்கேயே இருந்துகொள்கிறது. டாக்சி கம்பெனியில் ஓடும் நாற்பது வண்டிகளுக்கும் அவள் கன்ட்ரோல். கொஞ்சம் மரியாதை தெரிந்த ஓட்டுநர்களுக்குக் கன்ட்ரோல் அக்கா. இருபத்தேழு வருடமாக அப்படித்தான். நாமும் அப்படியே சொல்வோம், அவள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கன்ட்ரோல் அறை கம்பெனிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். இந்தக் காட்சியைப் பார்க்க எவன் ஜன்னல் வைத்தானோ தெரியாது. மேசை மேல் இரண்டு டெலிபோன், கழுத்து வளைந்த ஒரு மைக். மேசைக்குக் கீழே வலது காலுக்கு ஒரு மிதி. மிதித்தால் அவள் பேசுவது நாற்பது வண்டியிலும் கேட்கும். காலை எடுத்தால்தான் அவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். பேசுவது, கேட்பது இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்கும். பெரும்பாலான குடும்பங்களில் இப்படி ஒரு மிதி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எதைச் சொன்னாலும் முதலில் வண்டி நம்பரைச் சொல்ல வேண்டும். "பதினேழு, ரயில் நிலையம் பின்வாசல், ரெண்டு பேர், மூணு பெட்டி." அவ்வளவுதான். பதினேழாம் நம்பர்க்காரர் "ரைட் கன்ட்ரோல்" என்பார். மற்ற முப்பத்தொன்பது பேரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நம்பர் சொல்லாமல் ஒரு தகவல் போனால் அது யாருக்கும் போகாத தகவல். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இருபத்தேழு வருடம் மிதித்ததில் கன்ட்ரோல் அக்காவின் காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. பேச வாயைத் திறந்தால் வலது கால் தானாகக் கீழே இறங்கும். காய்கறிக் கடையில் அரைக் கிலோ என்று கேட்கும்போதும் இறங்கும். வீட்டில் போன் பேசும்போது சமையல் மேசைக்கு அடியில் செருப்பு தரையில் தட்டுவது அவளுக்கே கேட்கும்.

நாள் முழுக்கப் பேசுகிறவள்தான். ஆனால் காலையிலிருந்து மாலைவரை அவள் பேசியதை எல்லாம் எழுதிப் பார்த்தால் தெரு பெயர், வாசல் நம்பர், பெட்டி எண்ணிக்கை தவிர வேறொன்றும் தேறாது. ஓட்டுநர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் ஷெட்டுக்கு முன்பக்கமாக வருவார்கள், அவள் பின்பக்கப் படியேறிப் போய்விடுவாள். ஒரு நாள் மழையில் பஸ் வராமல் தன் கம்பெனி வண்டியிலேயே ஏறி வீட்டுக்குப் போனாள். புது ஓட்டுநர். சிக்னலில் நின்றபோது அவனாகவே பேச்சுக் கொடுத்தான். "கன்ட்ரோல்ல ஒரு அம்மா இருக்காங்க மேடம். ரொம்பக் கறார். சிரிச்சே நாங்க கேட்டதில்ல." பின்சீட்டில் இருந்தவள், குரலைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, தொண்டைக்குள்ளேயே "அப்படியா" என்றாள். வீடு வந்து இறங்கும்வரை அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

வீடு என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அப்பா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு ஒன்பது. அவள் சம்பாதிக்கப் போனாள், தம்பி படித்தான், அம்மா இருவரையும் திட்டினாள். அம்மாவுக்குப் பாசம் காட்டத் தெரிந்த ஒரே வழி அதுதான். காய்ச்சல் என்று படுத்தால் "இதுக்குத்தான் மழையில போகாதன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்" என்று திட்டிக்கொண்டே நெற்றியில் கை வைப்பாள். அவள் வாயிலிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு "பரவால்ல" என்பது. அதுவும் மகளுக்கு நினைவு தெரிந்து மூன்று முறை. கல்யாணப் பேச்சுகள் வந்தன, வந்த வழியே போயின. தம்பி வேலை கிடைத்து வேறு ஊர் போனான். அம்மா ஒன்பது வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவளைத் திட்டக்கூட வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. இதைப் போய் யாரிடம் சொல்லிக்கொள்வது?

தம்பிக்குக் கல்யாணம் ஆகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அந்தப் பெண் போன் பண்ணினாள். நாத்தனாரிடம் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள் என்று கன்ட்ரோல் அக்கா நினைத்தாள். அது வைக்கிற வழியாகத் தெரியவில்லை. குழாய் ஒழுகுவது, ஆபீசில் தலைவலி பிடித்த ஒரு மேலாளர், தான் வாங்கிய செருப்பு இரண்டு நாளில் பிய்ந்தது என்று நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசியது. கடைசியில், வைப்பதற்கு முன், "லவ் யூ அண்ணி" என்றது.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் சொன்னதில்லை, தமிழிலும் சொன்னதில்லை.  வாய் தன் பழக்கப்படி பேசியது. "ரைட்டும்மா" என்றாள்.

அன்று முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ரைட்டாம். பெட்டி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருகிற வண்டிக்குச் சொல்கிற பதில். ஆனால் அடுத்த ஞாயிறும் அது "லவ் யூ அண்ணி" என்றது, இவளும் "ரைட்டும்மா" என்றாள். ஆறு வருடம் இப்படியே ஓடியது. அந்தப் பெண் ஒரு முறைகூட முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. இவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது, அதாவது எப்போதும், சொல்லிப் பார்ப்பாள். அது முகவரி சொல்கிற குரலில்தான் வந்தது. கேட்டால் ஓட்டுநர் யாராவது வண்டியைத் திருப்பிவிடுவார், அப்படி இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஆனால் ஞாயிறு பத்தரை மணிக்கே வேலைகளை முடித்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் ஓடின.

போன வருடம் தம்பி வீட்டுக்கு நாலு நாள் போய் இருந்தாள். அங்கேதான் அந்த அடி விழுந்தது. தம்பி மனைவி அந்த வார்த்தையை எல்லாரிடமும் சொன்னாள். லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரிடம், சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுத்த தையல்காரம்மாவிடம், பக்கத்து வீட்டில் சாவியை வாங்கி வைத்த பெரியவரிடம், ஆபீஸ் தோழியிடம். லவ் யூ, லவ் யூ என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள். கன்ட்ரோல் அக்கா தொழில் புத்தியில் எண்ணிக்கொண்டே வந்தாள். நாலு நாளில் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருத்தி, லிஃப்ட்காரருக்கும் தையல்காரம்மாவுக்கும் நடுவில் நிற்கிற ஒருத்தி, தான். அவ்வளவுதானா என்று மனசு விட்டுப்போயிற்று. ஐந்து வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்ததைக் கடைத்தெருவில் எல்லார் கையிலும் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் அவள் கணக்கில் வந்தது. அந்த நாலு நாளில் தம்பியிடம் அவன் மனைவி அதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. காலையில் அவன் கிளம்பும்போது கதவுவரை போவாள், குடையை எடுத்துக் கொடுப்பாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவாள். புருஷன் பெண்டாட்டி விவகாரம், தனியாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று இவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வருத்தமே தனக்குப் பெரிதாக இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த ஞாயிறுகளில் அவளுடைய "ரைட்டும்மா" கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அதைக் கவனித்ததோ என்னவோ, நாற்பது நிமிடம் முப்பதாயிற்று, முப்பது இருபதாயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சவாரி ஓய்ந்து ஓட்டுநர்கள் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கும் நேரம். கன்ட்ரோல் அக்காவின் சொந்த போன் அடித்தது. ஞாயிறு தவிர வேறு நாளில் கூப்பிடாத நம்பர். எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காலை மிதிக்கு எட்டாமல் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் பேசலாமா? அவர் சொல்லியிருப்பாரு."

"அவன் ஒண்ணும் சொல்லலயே."

 அந்தப் பெண்ணே சொன்னாள். இருவரும் பிரிந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு வருடமாகவே ஒரே வீட்டில் இரண்டு பேராகத்தான் இருந்தார்கள். அவள் வேறு வீடு பார்த்துவிட்டாள், இந்த வாரம் போகிறாள். மூன்றாம் மனிதர் சொல்லி அண்ணிக்குத் தெரியக் கூடாது என்று தோன்றியது, அதனால் கூப்பிட்டாள். கன்ட்ரோல் அக்கா "சரி" என்றாள், "ம்" என்றாள். தகவல் வாங்கிக்கொள்வது அவள் தொழில். 

"இனிமே நான் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா உங்களுக்குத்தான் சங்கடம். நீங்க அவரோட அக்கா. அதனால இதோட நிறுத்திக்கறேன். உடம்பப் பாத்துக்கங்க." வைப்பதற்கு முன் எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "லவ் யூ அண்ணி."

உடனே வைக்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு காத்திருந்தது. எப்போதும் வருகிற "ரைட்டும்மா"வுக்காகக் காத்திருந்ததோ என்னவோ.

அந்த இரண்டு மூச்சுக்குள் கன்ட்ரோல் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்கிற பெண்ணாக இருந்தால் காலையில் கதவருகே புருஷனிடமும் சொல்லியிருக்கும். அது சொல்லவில்லை. மனசில் இல்லாததை அதனால் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் லிஃப்ட்காரரிடம் சொன்னதும் நிஜம், தையல்காரம்மாவிடம் சொன்னதும் நிஜம், ஆறு வருடம் ஞாயிறுதோறும் தன்னிடம் சொன்னதும் நிஜம். ஒன்பது பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தவள், சொல்லப்படாத பத்தாவது ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதைவிட மடத்தனம் உண்டா?

"லவ் யூ" என்றாள் கன்ட்ரோல் அக்கா. சத்தமாக, தெளிவாகச் சொன்னாள். முகவரிக் குரலில் இல்லை. அப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது.

போன் ஏற்கெனவே அணைந்திருந்தது. கால் மிதியில் இருந்தது.

காலை எடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. நாற்பது வண்டிகளும் மூச்சுக் காட்டவில்லை. கேலி பேசுகிற ஆட்களுக்கு அங்கே குறைச்சலே கிடையாது. மற்ற ஷிஃப்டில் ஒருவர் மிதியில் கால் இருப்பது தெரியாமல் கொட்டாவி விட்டதை இரண்டு மாதம் வைத்து ஓட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பதினேழாம் நம்பர்க்காரர்தான் பேசினார். அவளோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவர், சட்டம் தவறாதவர். கிண்டல் துளியும் இல்லாமல், வேலையாகவே கேட்டார்.

"கன்ட்ரோல், நம்பர் கேக்கல. எந்த வண்டிக்கு?"

அவள் மிதித்தாள். "எந்த வண்டிக்கும் இல்ல. தவறுதலா வந்தது."

"ரைட் கன்ட்ரோல்."

 ஐம்பத்து நாலு வயதில் முதல் முறையாக அந்த வார்த்தை வெளியே வந்திருக்கிறது. அதைப் போய்த் தவறு என்று நாற்பது பேர் கேட்கச் சொல்லியாயிற்று. கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை. ரைட்டும்மாகூட இல்லாமல் அவள் போனை வைத்திருக்கிறாள். இப்போதே சொல்லாவிட்டால் ஞாயிறு என்று ஒன்று இனிமேல் வரப்போவதில்லை, வந்தாலும் அது போன் அடிக்காத இன்னொரு நாள்தான். கன்ட்ரோல் அக்கா மறுபடியும் மிதித்தாள். "எல்லா வண்டிக்கும். அஞ்சு நிமிஷம் கன்ட்ரோல் இருக்காது." இருபத்தேழு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள்.

மூன்று முறை மணி அடித்து எடுத்தது. "சொல்லுங்க அண்ணி. ஏதாவது விட்டுப்போச்சா?"

"நீ ஆறு வருஷமா ஒண்ணு சொல்றியே, அதுக்கு நான் ஒருநாளும் ஒழுங்கா பதில் சொல்லல." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "லவ் யூ."

 அந்தப் பெண் மெல்ல, ஜாக்கிரதையாகக் கேட்டாள். "அவர் உங்களச் சொல்லச் சொன்னாரா?"

கத்தியால் குத்திய மாதிரி இருந்தது. ஆனால் கோபப்பட நியாயமில்லை. ஆறு வருடம் வாயே திறக்காத நாத்தனார், பிரிகிற அன்று ஓடி வந்து பாசம் பேசினால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"இல்லம்மா. அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்கிட்ட சண்டைக்கு வருவான். இது நானா சொல்றது."

எதிர்முனையில் அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. இவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் அடங்கியதும் அது கேட்டது. "இனிமே நான் உங்கள என்னன்னு கூப்பிடறது?"

எந்தத் தெரு எங்கே இருக்கிறது, எந்த வாசலில் ஏற வேண்டும் என்று யார் கேட்டாலும் மறு நொடி பதில் சொல்கிறவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அண்ணி என்றால் அண்ணனோ புருஷனோ நடுவில் ஒருவன் வேண்டும். அவன் இல்லாமல் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அதற்கு யாரும் ஒரு முறைப்பெயர் வைக்கவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "அப்பப்ப பேசு. அது போதும்."

இரண்டு நாள் கழித்துத் தம்பி கூப்பிட்டான். விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே, "நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?" என்று கேட்டான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் கல்லூரிக் கட்டணத்துக்காகவே அந்த மிதியில் கால் வைத்தவள். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டாள். அவனுக்கும் வலிக்கிறது, வலிப்பதால் கத்துகிறான் என்று புரிந்தது. கத்தி முடித்து அவன் வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பத்தரைக்கே வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தவள் மத்தியானம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி பக்கமும் சத்தம் இல்லை. இரண்டு பேரையும் ஒரேயடியாக இழந்துவிட்டோமோ என்று பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தம்பியாவது மிச்சம் இருந்திருப்பான். ஆனாலும் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பதினொன்றரைக்கு அவளே நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தது.

"ஹலோ" என்றது அந்தக் குரல். அதற்குப் பிறகு எப்போதும் ஒரு சொல் வரும். அது வரவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. இருவருக்கும் அது கேட்டது.

"நான்தான்" என்றாள் இவள்.

"ம். தெரியும்."

என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று இவள் கேட்டாள். துணி மடிப்பதாக அவள் சொன்னாள். புது வீட்டில் மாலை வெயில் நேராகப் படுக்கையில் விழுகிறதாம், திரைச்சீலை வாங்க வேண்டுமாம். அந்த மேலாளர் இன்னும் தலைவலிதானா என்று இவள் கேட்டாள். ஆமாம், இப்போது பதவி உயர்ந்து பெரிய தலைவலி ஆகிவிட்டார். இருவரும் லேசாகச் சிரித்தார்கள். பதினாலு நிமிடம் பேசினார்கள். உறவு சொல்லாமல் தமிழில் பதினாலு நிமிடம் பேசுவது லேசில்லை. கூழாங்கல்லில் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு வாக்கியமும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது.

"சரி, வச்சிடட்டுமா?" என்றது அது. கொஞ்சம் தயங்கியது.

"லவ் யூ."

அதோடு நின்றுவிட்டது. பின்னால் அண்ணி இல்லை. ஆறு வருடம் ஞாயிறுதோறும் கேட்டது தம்பியின் அக்காவுக்குச் சொன்னது. இது அப்படி இல்லை. தம்பியும் இல்லாமல், முறையும் இல்லாமல், மூன்றாம் மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிற இந்த ஒருத்திக்கு மட்டும் சொன்னது.  பதில் சொல்லாமல் விட்டால் வைத்துவிடுவாளே என்று அவசரப்பட்டாள்.

"லவ் யூ" என்றாள். "அடுத்த வாரம் நான் பண்றேன்."

"பண்ணுங்க."

போனை வைத்த பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. இனி இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் வர ஏழு நாள் ஆகும். அவள் கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள்.